மயக்க மருந்தும் நிஜாமின் ஆயிரம் பவுனும்

மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளுள் ஒருவர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்). அவரைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நம்மில் பலர் சிறு வயது முதலே பயான்களில் கேட்டு வந்திருக்கிறோம். கலீபா வலீதைக் காண அவர் டமாஸ்கஸ் சென்றிருந்தபோது காலில் அழுகல் நோய் கண்டது. காலை எடுத்தாலன்றி உயிர் தங்காது என்றனர் வைத்தியர்கள். அறுக்கும் வலி தெரியாதிருக்க ஒரு மருந்தைப் பருகுமாறும் வேண்டினர். அவர் மறுத்தார். இறைவனை நினைக்கும் அறிவை ஒரு கணமும் இழக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. ரம்பம் கொண்டு கால் அறுக்கப்பட்டது. குருதியை நிறுத்தக் கொதிக்கும் எண்ணெய் இடப்பட்டபோது அவர் மூர்ச்சையானார்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அது முற்றிலும் பொருத்தமே. ஆயினும் மருத்துவ வரலாறு பயில்வோனின் கண் இதில் வேறொன்றையும் காண்கிறது. வைத்தியர்கள் நீட்டிய அந்த மருந்துக் கிண்ணமே அது. அறிவை மறைத்து வலியை அகற்றும் ஒரு வழியை அக்கால மனிதன் தேடிக்கொண்டிருந்தான் என்பதற்கு அக்கிண்ணம் ஒரு சான்று.

உர்வா (ரஹ்) அவர்களின் மனவுறுதி எல்லோருக்கும் வாய்ப்பதன்று. எல்லோரிடமும் அதனை எதிர்பார்க்கவும் இயலாது. இதனை நம் சட்ட அறிஞர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். அழுகிப்போன கையை வெட்டுவதற்காக ஒருவனது அறிவை மருந்தினால் நீக்கலாமா என்ற வினாவை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் நேராகவே எடுத்து ஆராய்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘ரவ்ளதுத் தாலிபீன்’ நூலில், ஆகும் என்ற கருத்தே வலுவானது எனக் கொண்டார்கள். ஆகவே மயக்க மருந்தை ஏற்பது ஈமானின் குறை என்று இன்றும் நம் வீடுகளில் முணுமுணுக்கும் முதியோர் உண்டெனில், அவர்களுக்கான விடை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

பழைய மருந்தும் அதன் குறையும்

அக்கிண்ணத்தில் என்ன இருந்திருக்கலாம்? இப்னு ஸீனா (980–1037) தமது ‘கானூன்’ என்னும் பெருநூலில் உணர்வை மரக்கச் செய்யும் பொருள்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் தலையாயது அபின். அதன் பின் யப்ரூஹ் எனப்படும் மனித வடிவ வேர், குரோசாணி ஓமம், கசகசா முதலியவை வருகின்றன. பனிக்கட்டியும் பனிநீருங்கூட இவ்வரிசையில் இடம் பெறுகின்றன. உறுப்பொன்றில் வேதனை தரும் சிகிச்சை செய்ய நேர்ந்தால், நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தக் கொடுக்க வேண்டிய கலவையையும் அவர் அளவோடு கூறுகிறார்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து ஊட்டிய கடற்பஞ்சை மூக்கில் வைத்து அறுவை செய்யும் முறையைக் கண்டவர்கள் அரபிகளே என்று நம் மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பஞ்சைச் செய்யும் முறை கூறும் ஏடுகளுள் மிகப் பழையவை, இலத்தீன் மொழியில் 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. ஐரோப்பியக் கிறிஸ்தவ மடங்களில் காக்கப்பட்டவை. நம் முன்னோர் செய்த உண்மையான பணி போதிய அளவு பெரிது. அதற்கு மேல் இரவல் நகை பூட்டத் தேவையில்லை.

பழைய மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. அவை விழுங்கப்பட்டவை. விழுங்கிய மருந்தைத் திரும்ப அழைக்க முடியாது. ஒரே அளவு அபின் ஒருவனைத் தூங்க வைக்கும். மற்றொருவனது மூச்சையே நிறுத்திவிடும். வேறொருவன் கத்தி பட்டதும் விழித்துக்கொள்வான். ஜப்பானில் ஹனோகா செய்ஷூ என்ற வைத்தியர், மூலிகைக் கலவை ஒன்றைப் பருகச் செய்து 1804இல் மார்பகப் புற்றுநோயை அறுத்து அகற்றினார். அது மாபெரும் சாதனை. ஆயினும் அவர் வழி பிற நாடுகளில் பரவவில்லை. அறுவை மருத்துவர் என்பவர் எவ்வளவு விரைவாக அறுக்கிறார் என்பதைக் கொண்டே மதிக்கப்பட்டார். நோயாளியை நால்வர் பிடித்துக்கொள்வதே உலகெங்கும் வழக்கமாயிருந்தது.

மூச்சு வழியே வந்த விடுதலை

1846 அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரச் செய்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற முதிய அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. கிராஃபர்டு லாங் என்பவர் 1842லேயே ஜார்ஜியா மாநிலத்தில் ஈதர் கொடுத்து அறுவை செய்திருந்தார். ஆனால் 1849 வரை அதனை வெளியிடவில்லை. ஆதலின் உலகம் பாஸ்டனையே நினைவிற் கொண்டது.

ஈதரின் சிறப்பு அது ஆவி என்பதில் இருந்தது. நோயாளி மூச்சிழுக்கும்போது அது உள்ளே செல்கிறது. துணியை எடுத்துவிட்டால் அதே மூச்சின் வழி வெளியேறுகிறது. அதிகமாயிற்று என்று தோன்றினால் நிறுத்தலாம், குறைந்தால் கூட்டலாம். விழுங்கிய அபினுக்கு இல்லாத கடிவாளம் முகர்ந்த ஈதருக்கு இருந்தது. மயக்கத்தின் வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுவே.

அடுத்த ஆண்டு, 1847 நவம்பரில், எடின்பரோ நகரின் மகப்பேற்று மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரபாரத்தை மயக்க மருந்தாகப் பயன்படுத்தினார். இது ஈதரைவிட இனிய மணமுடையது, விரைந்து மயக்குவது, தீப்பற்றாதது. 1853இல் விக்டோரியா அரசியார் மகப்பேற்றின்போது டாக்டர் ஜான் ஸ்னோவின் கையால் குளோரபாரத்தை முகர்ந்ததும், அதன் புகழ் உச்சத்தை எட்டியது.

இந்தியாவுக்கு அது வேறொரு காரணத்தாலும் உகந்ததாயிற்று. ஈதர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. நம் சித்திரை வைகாசி வெயிலில் புட்டியைத் திறந்தாலே அது பறந்துபோகும். குளோரபாரம் கொதிப்பதோ 61 டிகிரியில். எனவே இந்திய மருத்துவமனைகளில் குளோரபாரமே கோலோச்சியது.

ஆனால் அந்த இனிய மணத்தில் ஒரு நஞ்சும் கலந்திருந்தது. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே 15 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரபாரம் கொடுத்தனர். சில நிமிடங்களில் அவள் இறந்தாள். நகத்துக்காக ஓர் உயிர்! இதன் பின் இத்தகைய மரணங்கள் பல ஊர்களிலிருந்தும் செய்தியாக வந்தன. உடல்நலமுள்ள வாலிபர்கள், சிறு அறுவைக்காகப் படுத்தவர்கள், மயக்கத்தின் தொடக்கத்திலேயே திடீரென மடிந்தனர். ஜான் ஸ்னோ இத்தகைய 50 மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அந்நூல் அவர் மறைந்த 1858ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எது முதலில் நிற்கிறது?

மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. குளோரபாரம் எவ்வாறு கொல்கிறது? இதயத்தை நேரடியாகத் தாக்குகிறதா? அல்லது மூச்சை முதலில் நிறுத்தி, அதன் விளைவாக இதயம் நிற்கிறதா?

இஃது ஏட்டறிஞர் சண்டையன்று. மயக்க மருந்து கொடுப்பவன் தன் கண்ணையும் கையையும் எங்கே வைக்க வேண்டும் என்பதே வினா. இதயமே முதலில் நிற்குமெனில் அவன் விரல் நாடியில் இருக்க வேண்டும். மூச்சே முதலில் நிற்குமெனில் அவன் கண் நோயாளியின் மார்பிலும் வாயிலும் இருக்க வேண்டும். லண்டன் மருத்துவர்கள் பெரும்பாலும் நாடியைப் பிடித்தனர். எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற பேராசிரியரின் மாணவர்கள் மூச்சையே பார்த்தனர். நாடியைத் தொடுவது கவனத்தைச் சிதறடிக்கும் வீண்வேலை என்றே கருதினர்.

அந்தச் சைமின் மாணவர் ஒருவர் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் எட்வர்டு லாரி. 1885இல் அவர் ஆங்கில ரெஸிடென்ஸியின் அறுவை மருத்துவராகவும், ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1846இல், அதாவது ஈதர் தோன்றிய அதே ஆண்டில், நிஜாம் அரசு தொடங்கிய பள்ளி அது. லாரி தம் ஆசிரியரின் பாடத்தைப் பிடிவாதமாகப் பின்பற்றினார். குளோரபாரத்தைத் தாராளமாகக் கொடு; மூச்சைவிட்டுக் கண்ணை அகற்றாதே; நாடியை மறந்துவிடு. இவ்வாறு கொடுத்து வந்த தம் அனுபவத்தையே அவர் சான்றாகக் காட்டினார். லண்டன் அதனைச் சான்றாக ஏற்கவில்லை.

அப்போது ஹைதராபாத்தை ஆண்டவர் ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலீ கான். 1866இல் பிறந்து, குழந்தையாகவே அரியணை ஏறியவர். லாரியின் கோரிக்கையை ஏற்று அவரது அரசு 1888இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. விலங்குகளுக்குக் குளோரபாரம் கொடுத்து, மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா என்று அக்குழு பார்த்தது. மூச்சே முதலில் நிற்கிறது என்று அறிவித்தது.

1823இல் தொடங்கி மருத்துவ உலகின் முன்னணி ஏடாக விளங்கிய லண்டன் ‘லான்செட்’ இம்முடிவை நம்பவில்லை. தொலைதூரச் சமஸ்தானம் ஒன்றின் ஆய்வு ஐரோப்பியச் சோதனைச்சாலைகளின் முடிவை மறுப்பதா என்ற ஐயம் அதில் தொனித்தது.

நிஜாம் அளித்த மறுமொழி, நம் வரலாற்றில் போற்றத்தக்கது. அவர் சினக்கவில்லை, தம் குழுவின் முடிவே இறுதியானது என்று ஆணை பிறப்பிக்கவுமில்லை. நீங்களே ஒருவரைத் தேர்ந்து அனுப்புங்கள், எங்கள் கண்முன் மீண்டும் சோதித்துப் பாருங்கள், செலவு எம்முடையது என்று லான்செட் பத்திரிகைக்கு ஆயிரம் பவுன் வழங்க முன்வந்தார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

லான்செட் தேர்ந்தெடுத்தவர் சாமானியரல்லர். மருந்துகளின் இயல்பை ஆராய்வதில் அன்று பிரிட்டனிலேயே முன்னணியில் நின்ற டாக்டர் லாடர் பிரண்டன் கப்பலேறி, 1889 அக்டோபரில் ஹைதராபாத் வந்தார். குளோரபாரம் இதயத்தை நேரடியாகத் தாக்கும் என்ற கருத்தோடு வந்தவர் அவர். லாரியும் வேறு மருத்துவர்களும் அவரோடு சேர்ந்து இரண்டாவது குழுவாயினர். நாய், குரங்கு, ஆடு, குதிரை, பூனை, முயல் என நூற்றுக்கணக்கான விலங்குகள் சோதிக்கப்பட்டன. இரத்த அழுத்தம் கருவியால் பதிவு செய்யப்பட்டது. அந்த வாயில்லா உயிர்கள் கொடுத்த விலையையும் நாம் மறந்துவிடலாகாது.

முடிவு லண்டனை அதிர வைத்தது. ஆபத்து மூச்சடைப்பினாலும் மிகை அளவினாலுமே வருகிறது, இதயத்தின் மீது நேரடித் தாக்குதல் இல்லை என்று பிரண்டன் தந்தியடித்தார். எதிர்க் கருத்தோடு வந்தவர், கண்டதைக் கண்டபடி கூறினார். முழு அறிக்கையும் 1890இல் லான்செட்டில் வெளியாயிற்று. மூசி நதிக்கரையில் நடந்த ஓர் ஆய்வை உலகத்து மருத்துவர் அனைவரும் படித்தனர்.

பெருமையும் பிழையும்

நம்மில் ஒருவர் இவ்வரலாற்றை எழுதினால் இந்த இடத்திலேயே முற்றுப்புள்ளி வைக்க ஆசைப்படுவார். வெற்றி முழக்கத்தோடு முடிப்பது எளிது. ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை.

ஹைதராபாத்தின் முடிவு முழு உண்மையன்று. 1893இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காஸ்கெல், ஷோர் என்ற இரு அறிஞர்கள் அதனைத் தக்க சோதனைகளோடு மறுத்தனர். குளோரபாரம் இதயத்தையும் தளர்த்துகிறது என்றனர். இறுதி விடை 1911இல் லண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி என்பவரிடமிருந்து வந்தது. குளோரபாரம் ஆழமாக அன்றி இலேசாகக் கொடுக்கப்பட்டிருக்கும் நிலையில், அச்சத்தாலோ வலியாலோ உடலில் அட்ரினலின் பெருகினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு வெறுமனே துடிதுடிக்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நொடியில் நின்றுவிடும் என்று அவர் பூனைகளில் காட்டினார். நகம் அகற்றப் படுத்த சிறுமியின் மரணம் போன்ற திடீர் மரணங்களுக்கு அதுவரை கிடைக்காத விளக்கம் அதில் கிடைத்தது.

அவ்வாறாயின் ஹைதராபாத்தில் அதனை ஏன் காணவில்லை? அங்கே பெரிதும் ஆராயப்பட்டது அளவு மிகும்போது என்ன நடக்கிறது என்பது. அளவு மிகும்போது மூச்சே முதலில் நிற்கிறது. அவர்கள் கண்டது மெய். ஆனால் இலேசான மயக்கத்தில், அஞ்சிய உள்ளத்தில் நிகழும் மரணம் வேறு வகை. அவர்கள் கேட்ட வினாவுக்கு அவர்கள் பெற்ற விடை சரி. கேட்காமல் விட்ட வினாவில் பிழை ஒளிந்திருந்தது. நோயாளியைத் தயங்காமல் ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுசெல்லும் லாரியின் வழக்கமே, அவர் நம்ப மறுத்த அந்த ஆபத்திலிருந்து அவருடைய நோயாளிகளைக் காத்திருக்கவும் கூடும். கை சரியாகச் செய்ததற்கு வாய் தவறான காரணம் சொன்னது.

பிழையான முடிவுக்காகவா ஆயிரம் பவுன் செலவாயிற்று என்று கேட்கலாம். அல்ல. ஐயத்தை வெளிப்படையாக ஏற்று, எதிராளியையே நீதிபதியாக அழைத்து, அளவுகளைப் பதிவு செய்து உலகின் முன் வைத்ததால்தான் பிறர் அதனைச் சோதிக்கவும் மறுக்கவும் முடிந்தது. மறைத்து வைத்த கருத்தை யாரும் திருத்த இயலாது. பத்து நூற்றாண்டுகளுக்கு முன் பாக்தாதிலும் குர்துபாவிலும் நம் முன்னோர் கிரேக்கரின் நூல்களை மொழிபெயர்த்ததோடு நில்லாமல், ஐயுற்றும் திருத்தியும் எழுதினார்கள். அந்த மரபின் ஒரு கீற்று ஹைதராபாத்தில் மின்னியது என்பதே நம் பெருமை. நாங்கள் சொன்னதே சரி என்பதில் அப்பெருமை இல்லை.

இவ்வரலாற்றில் ஒரு பெண்மணியையும் நினைவுகூர வேண்டும். ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் முதலில் சேர்ந்த மாணவியருள் ஒருவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண். 1889இல் தேர்ச்சி பெற்று, மயக்க மருந்து கொடுப்பதையே தம் பணியாக ஏற்றார். பிற்காலத்தில் மேற்படிப்புக்காக எடின்பரோவும் சென்றார். உலகில் முறையாகப் பயின்று மயக்க மருந்து கொடுத்த முதல் பெண்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். பெண் மக்கள் எழுதப்படிக்கக் கற்பதே அரிதாயிருந்த நாளில், ஒரு நோயாளியின் மூச்சு முழுவதும் ஒரு பெண்ணின் கையில் ஒப்படைக்கப்பட்டது. நம் பெண்களைப் படிக்கவைக்கத் தயங்குவோர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும்.

தூங்காமலே வலி நீங்கும் வழி

குளோரபாரச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே வேறொரு பாதை திறந்தது. வலியை அகற்ற மனிதனை முழுவதும் தூங்க வைத்தே ஆக வேண்டுமா? 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், கோக்கேன் கரைசலின் சில துளிகளைக் கண்ணில் இட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டார். நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே கண்ணில் அறுவை செய்ய முடிந்தது. நரம்பு வழியே செல்லும் வலிச் செய்தியை வழியிலேயே மறித்து விடுவது இம்முறை.

1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், அதே மருந்தை முதுகுத்தண்டைச் சூழ்ந்த நீரில் ஊசியால் செலுத்தினார். இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றது. அவரும் அவருடைய உதவியாளரும் தங்கள் உடலிலேயே இதனைச் சோதித்தனர். பிறகு பல நாள் கடுந்தலைவலியால் வருந்தினர். ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதே அத்தலைவலிக்குக் காரணம். இன்று மிக மெல்லிய ஊசிகள் வந்தபின் அது பெரிதும் குறைந்துவிட்டது. கோக்கேனின் நச்சுத்தன்மையும் பழக்கமாகும் கேடும் இல்லாத மருந்துகள் பின்னர் வந்தன. ஜெர்மனியில் 1904இல் உருவான புரோக்கேனும், சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943இல் உருவாக்கிய லிடோகேனும் அவற்றுள் முக்கியமானவை.

முழு மயக்கத்திலும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1934இல் நரம்பூசி வழியே நொடிகளில் தூங்கச்செய்யும் தயோபென்டால் வந்தது. 1942இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சைத் தசை தளர்த்தும் மருந்தாகப் பயன்படுத்தினார். தசை தளர்வதற்காக மயக்க மருந்தையே மிகையாகக் கொடுக்கும் கட்டாயம் அத்துடன் நீங்கியது. 1956இல் ஹாலோதேன் வந்தது. குளோரபாரம் சிறிது சிறிதாக அறுவை அரங்கை விட்டு வெளியேறியது.

இன்றைய நால்வகை

இன்று நம் குடும்பத்தில் ஒருவர் அறுவைக்காகப் படுக்கும்போது மருத்துவர் நான்கு வழிகளில் ஒன்றையோ, இரண்டைச் சேர்த்தோ தேர்ந்தெடுக்கிறார். முதலாவது முழு மயக்கம். இதயம், மூளை, வயிற்றின் மேற்பகுதி ஆகியவற்றில் செய்யும் பெரிய அறுவைகளுக்கு இதுவே. தூக்கம், வலியின்மை, தசைத் தளர்ச்சி என்னும் மூன்றும் தனித்தனி மருந்துகளால் தரப்படுகின்றன. மூச்சை இயந்திரம் நடத்துகிறது. இரண்டாவது, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்வது. பிரசவ அறுவையிலும் கால் அறுவையிலும் முதுகில் போடும் ஊசியும், தோளிலோ தொடையிலோ நரம்பைச் சுற்றிப் போடும் ஊசியும் இவ்வகை. மூன்றாவது, அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்வது. பல் பிடுங்கும்போதும், தையல் போடும்போதும், சிறுவர்களின் கத்னாவின்போதும் போடும் ஊசி இது. நான்காவது, அரைத்தூக்கம்; வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைகளில் அச்சமும் அலைச்சலும் தெரியாதிருக்கத் தருவது.

நம் வீடுகளில் நிலவும் இரண்டு தவறுகளை இங்கே சுட்டாமல் இருக்க முடியவில்லை. பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியே ஆயுள் முழுதும் இடுப்புவலியைத் தந்தது என்று தாய்மார் பலர் நம்புகின்றனர். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் இடுப்புவலிக்கு அவ்வூசி காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. கருவைச் சுமந்த உடலும், பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் உழைப்புமே பெரும்பாலும் காரணம்.

மற்றது இதனினும் ஆபத்தானது. அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்க, பிள்ளை பசி தாங்காதே என்று மறைவாகக் கஞ்சியோ பாலோ ஊட்டிவிடும் அன்பு அது. முழு மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே மோசம். நோன்பு வைத்துப் பழகிய நமக்குச் சில மணி நேரப் பசி பெரிதன்று. ஊட்டியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அறுவையைத் தள்ளிவைக்கலாம், உயிரைத் தள்ளிவைக்க முடியாது. அவ்வாறே பீடி சிகரெட் பழக்கம், ஆஸ்துமா, உண்டு வரும் மாத்திரைகள், முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லை எதையும் மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்கலாகாது.

விரலும் மூச்சும்

இன்றைய அறுவை அரங்கில் மயக்க மருந்து மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு திரை. அதில் ஒரு கோடு இதயத்தின் துடிப்பை எழுதுகிறது. மற்றொரு கோடு வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் காட்டுகிறது. நோயாளியின் விரலில் சிறு கவ்வி ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து புறப்படும் சிவப்பொளி விரலை ஊடுருவி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதையும், நாடியின் வேகத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1974இல் கண்ட கொள்கையின்படி இயங்குவது அது.

லண்டன்காரர் நாடியைப் பார் என்றார். ஹைதராபாத்காரர் மூச்சைப் பார் என்றார். ஒருவர் மற்றவரை அறிவிலி என்று ஏசிய காலம் போய், இன்று இருவர் சொன்னதும் ஒரே திரையில் அடுத்தடுத்து ஓடுகின்றன. எனினும் திரை தானே ஒருவரையும் காப்பதில்லை. அதனைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் வேண்டும். மயக்க மருந்து எத்தனை வகையாயினும் அதன் பாதுகாப்பு இறுதியில் அந்த விழித்திருக்கும் மனிதரிடமே இருக்கிறது. அறுவை முடிந்ததும் கத்தி பிடித்தவருக்கு நன்றி கூறுகிறோம். தலைமாட்டில் விழித்திருந்தவரின் பெயரையும் நாம் கேட்டறிவதில்லை. அடுத்த முறை கேட்போமாக.

உர்வா (ரஹ்) அவர்கள் தம் அறிவை ஒரு கணமும் பிரிய மறுத்தார்கள். அது அவர்களின் உயர்வு. நாம் அறிவைச் சில மணி நேரம் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த அமானிதம் அறுவை முடிந்ததும் நம்மிடம் திரும்பி வருகிறது. அவ்வாறு திரும்பி வருவதற்காகத்தான் பாஸ்டனும் எடின்பரோவும் ஹைதராபாத்தும் இத்தனை காலம் கேட்டும், பிழைபட்டும், திருத்தியும் உழைத்தன.